யர்ஹமுஹு என்றொரு கட்டளை

நம் இல்லங்களில் அச்சாகும் திருமண அழைப்பிதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மணமகனின் பாட்டனார் மறைந்தவராயின் அவர் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்ற சொல் இருக்கும். 'காலஞ்சென்ற' என்பதற்கு ஈடாகவே நாம் அதனை வழங்கி வருகிறோம். ஆனால் அச்சொல்லின் வேர் 'ரஹ்மத்' ஆகும். அருள் செய்யப்பட்டவர் என்பதே நேர்ப்பொருள். அரபு நாடுகளில் இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொல்ல நேரும்போதெல்லாம் 'அல்லாஹ் யர்ஹமுஹு' என்று வாய் தானே முணுமுணுக்கும். அவர்மீது அல்லாஹ் அருள் புரிவானாக என்று, இறந்தவருக்காக இருப்பவர் கேட்கும் துஆ அது.

அந்த துஆ ஒரு முறை இராணுவ உத்தரவாயிற்று. அதுவும் இறந்தவர்களைக் குறித்தன்று. வயலிலும் தோப்பிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உயிரோடு உழைத்துக்கொண்டிருந்த மக்களைக் குறித்து, அவர்கள் வீடு திரும்புவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னால் சொல்லப்பட்டது.

1956ஆம் ஆண்டு அக்டோபர் 29, திங்கட்கிழமை. சூயஸ் போர் என்று வரலாறு குறிக்கும் போர் தொடங்கிய நாள். இஸ்ரேலின் படைகள் தெற்கே ஸினாய்ப் பாலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. கிழக்கே, ஜோர்தான் எல்லையை ஒட்டி, இஸ்ரேலுக்குள்ளேயே சில அரபுச் சிற்றூர்கள் இருந்தன. 1948இல் பலஸ்தீன் துண்டாடப்பட்டபோது ஊரை விட்டு ஓடாமல் தங்கிவிட்டவர்கள் அங்கே வாழ்ந்தனர். அவர்கள் இஸ்ரேலியக் குடிமக்கள், வாக்குரிமையும் பெற்றிருந்தனர். ஆயினும் 1966 வரை இராணுவ ஆட்சியின் கீழேயே வைக்கப்பட்டிருந்தனர். இரவு ஊரடங்கு அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று.

போரை முன்னிட்டு அன்று அந்த ஊரடங்கு மாலை 5 மணிக்கே தொடங்கும் என்று முடிவாயிற்று. அப்பகுதியின் படைத்தலைவர் கர்னல் இஸஹார் ஷத்மி. அவருக்குக் கீழ் எல்லைக் காவற்படைப் பிரிவின் தலைவர் மேஜர் ஷ்முவேல் மலின்கி. வீட்டுக்கு வெளியே காணப்படுபவரைச் சுடலாம் என்பது உத்தரவு. அப்போது மலின்கி ஒரு கேள்வி கேட்டார். ஊரடங்கு முன்னதாகவே தொடங்குவதை அறியாமல் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களை என்ன செய்வது? தமக்குக் கிடைத்த மறுமொழி அரபியில் இருந்தது என்று அவர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். 'அல்லா யர்ஹமு.' தாம் கொல்லச் சொல்லவில்லை என்று ஷத்மி பிற்பாடு வாதிட்டார்.

மலின்கி தம் அதிகாரிகளைக் கூட்டி உத்தரவை விளக்கினார். அந்தக் கூட்டத்திலும் கேள்விகள் எழுந்தன. வாசகர்கள் இதனைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். அங்கிருந்தோர் ஒன்றும் அறியாதவர்கள் அல்லர். பெண்களையும் குழந்தைகளையும் என்ன செய்வது என்று கேட்டனர். உணர்ச்சிக்கு இடமில்லை என்று மறுமொழி வந்தது. வேலையிலிருந்து திரும்புவோரை என்ன செய்வது என்றும் கேட்டனர். கர்னல் உதிர்த்த அதே துஆவை மேஜர் திருப்பிச் சொன்னார். அதற்குமேல் எவரும் கேட்கவில்லை.

அவ்வூர்களுள் ஒன்று கஃப்ர் காஸிம். டெல் அவீவ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள முஸ்லிம் ஊர். மாலை 4.30 மணிக்கு எல்லைக் காவற்படையைச் சேர்ந்த ஒருவர் ஊர்த்தலைவரான முக்தாரிடம் வந்து ஊரடங்கைத் தெரிவித்தார். முக்தார் வதீஃ அஹ்மத் ஸர்ஸூர் திடுக்கிட்டார். ஊர் மக்களில் நானூறு பேர் வெளியே வேலைக்குப் போயிருக்கிறார்கள்; அரை மணி நேரத்தில் அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று முறையிட்டார். திரும்பி வருவோர் தடையின்றி ஊருக்குள் விடப்படுவர் என்று வந்தவர் வாக்களித்துச் சென்றார்.

மணி ஐந்தாயிற்று. லெஃப்டினன்ட் கப்ரியேல் தஹானின் அணி ஊரின் வாயிலில் நின்றது. கல்லுடைக்கும் இடத்திலிருந்து மிதிவண்டிகளில் வந்தவர்கள் முதலில் நிறுத்தப்பட்டுச் சுடப்பட்டனர். பிறகு வண்டிகளில் வந்தோர். பிறகு லாரிகளில் வந்தோர். அது ஜைத்தூன் பறிக்கும் பருவம். தோப்பிலிருந்து பெண்களையும் சிறுமியரையும் ஏற்றி வந்த லாரி ஒன்றும் தப்பவில்லை. நிறுத்துவது, இறக்குவது, சுடுவது, அடுத்தவர் வரும் வரை காத்திருப்பது: ஒன்றரை மணி நேரத்துக்குள் 9 முறை இது நிகழ்ந்தது. ஆடவர் 19 பேர். பெண்கள் 6 பேர். 17 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியர் 23 பேர். ஆக 48 உயிர்கள். இறந்த பெண்களுள் ஒருத்தி கருவுற்றிருந்தாள். அவள் வயிற்றில் இருந்த சிசுவையும் சேர்த்து, கஃப்ர் காஸிம் மக்கள் தம் ஷஹீதுகளை 49 என்றே எண்ணுகின்றனர். காயமுற்றுக் கிடந்தோரை எடுத்துப் பேண உறவினரால் வெளியே வர இயலவில்லை. ஊரடங்கு நீடித்தது.

இதுவரை சொன்னது துயரக் கதை. நாம் எழுத வந்த செய்தி இதனை அடுத்து நிற்கிறது.

மேஜர் மலின்கியின் உத்தரவு கஃப்ர் காஸிமுக்கு மட்டும் உரியதன்று. ஜல்ஜூலியா, கஃப்ர் பர்ரா, தீரா, தையிபா, கலன்ஸுவா முதலான மற்ற ஊர்களுக்கும் அதே உத்தரவு, அதே நேரம், அதே படைப்பிரிவு. அவ்வூர்களிலிருந்தும் மக்கள் வேலைக்குப் போயிருந்தனர். அவர்களும் ஐந்து மணிக்குப் பிறகே திரும்பினர். ஆனால் அங்கெல்லாம் இத்தகைய படுகொலை நிகழவில்லை. அங்கு நின்ற அணித்தலைவர்கள் திரும்பி வந்தவர்களை வீடுகளுக்குள் போகவிட்டனர். அவர்களுள் எவரும் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று முழங்கியதாகத் தெரியவில்லை. வருகிறவன் களைத்துப்போன கூலியாள், தோளில் மண்வெட்டி, கையில் காலியான சோற்றுப் பாத்திரம். அவனைக் கண்டார்கள், போகவிட்டார்கள்.

ஆகவே 'உத்தரவு இருந்தது, எனவே கொன்றனர்' என்னும் விளக்கம் அரை விளக்கமே. உத்தரவு எல்லா ஊர்களுக்கும் போயிற்று. மையித்துகள் ஓர் ஊரில் விழுந்தன. யூதர்கள் ஆதலால் கொன்றனர் என்று நம்மவருள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியானால் ஜல்ஜூலியாவின் வாயிலில் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டவர் யார்? அவரும் யூதரே. செய்தியை மூடிவைக்கத் தணிக்கை விதிக்கப்பட்டபோது நவம்பர் மாதத்தில் கஃப்ர் காஸிமுக்குள் புகுந்து உண்மையைச் சேகரித்த பாராளுமன்ற உறுப்பினர் இருவருள் தவ்ஃபீக் தூபி அரபியர். மெயிர் வில்னர் யூதர். அநீதியை இனத்தின் பெயரால் விளக்கிவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. நாம் வேறு இனம். ஆகவே நம்மால் அது நிகழாது என்னும் நிம்மதி. அதனை இக்கட்டுரையில் நாம் வாசகர்களுக்குத் தரப்போவதில்லை.

1971 மார்ச்சில் டாக்கா நகரத்துக்குள் இறங்கிய படையினர் யார்? சுட்டவனும் கலிமா சொன்னவன். வீழ்ந்தவருள் மிகப் பலரும் கலிமா சொன்னவர்கள். அதே மாதத் தொடக்கத்தில், கிழக்குப் பகுதியின் படைத்தலைவராக இருந்த ஸாஹிப்ஸாதா யாகூப் கான் மக்கள்மீது படை நடவடிக்கை கூடாதென்று பதவியைத் துறந்தார். அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். உத்தரவு நிறைவேறிற்று.

கஃப்ர் காஸிம் வழக்குக்குத் திரும்புவோம். பதினொருவர் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். மேலிடத்து ஆணையை நிறைவேற்றினோம் என்பதே அவர்கள் வாதம். 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்று நம் தமிழில் ஒரு பழமொழி உண்டல்லவா? சட்ட நூல்கள் எத்தனை பக்கங்களில் எழுதினாலும் இந்த வாதத்தை அதனினும் சுருக்கிச் சொல்ல இயலாது. அம்பை நோவதில் பயனில்லை என்பது மெய்தான். ஆயினும் அம்புக்குக் கண் இல்லை. யார்மீது பாய்கிறோம் என்று அது பார்ப்பதில்லை. தஹானின் அணியினருக்குக் கண் இருந்தது. லாரியிலிருந்து இறங்கியவர்கள் பெண்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

1958 அக்டோபரில் தீர்ப்பு வழங்கிய நீதிபதி பெஞ்சமின் ஹலேவி இதனையே சட்ட மொழியில் எழுதினார். எல்லா ஆணையையும் படைவீரன் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் சில ஆணைகள் உண்டு. அவற்றின்மேல் கறுப்புக் கொடி பறப்பதுபோல், இது கூடாது என்னும் எச்சரிக்கை வெளிப்படையாகத் தெரியும். அதனைக் காண்பதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. கண் குருடாகாமலும் உள்ளம் கல்லாகாமலும் இருந்தால் போதும். அத்தகைய ஆணைக்குக் கீழ்ப்படிவது கடமையன்று, கீழ்ப்படிந்தவன் குற்றவாளி. எண்மர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. மலின்கிக்கு 17 ஆண்டு, தஹானுக்கு 15 ஆண்டுச் சிறை.

தீர்ப்பு உயர்ந்தது, தண்டனை உருகிற்று. மேல்முறையீட்டில் குறைந்தது, படைத்தலைமை குறைத்தது, குடியரசுத் தலைவர் மேலும் குறைத்தார். 1960இன் தொடக்கத்துக்குள் அனைவரும் வெளியே வந்துவிட்டனர். அவ்வாண்டிலேயே தஹானுக்கு ரம்லா நகராட்சியில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? அரபியர் விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரி. கர்னல் ஷத்மி தனியாக விசாரிக்கப்பட்டார். கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, ஊரடங்கு நேரத்தை அதிகாரமின்றி மாற்றினார் என்னும் ஒரு தவறு மட்டும் அவர்மீது நிலைநாட்டப்பட்டது. அபராதம் 10 புரூத்தா. இஸ்ரேலிய லிரா ஒன்றுக்கு அந்நாளில் 1000 புரூத்தா. அதாவது நூற்றில் ஒரு பங்கு லிரா. அந்தக் காசு அந்நாட்டு அரபியரிடையே இன்றும் பழமொழிபோல் வழங்குகிறது. தம் விசாரணையே மேலிடத்தாரைக் காக்க நடத்தப்பட்ட நாடகம் என்று ஷத்மி தம் முதுமையில் வரலாற்றாய்வாளர் ஒருவரிடம் கூறினார். அவர் மறைந்தது 2018இல்.

ஹலேவியின் பெயர் வரலாற்றில் மற்றோர் இடத்திலும் வருகிறது. இலட்சக்கணக்கான யூதர்களை மரண முகாம்களுக்கு இரயிலேற்றிய ஜெர்மானிய அதிகாரி அடால்ஃப் ஐக்மன் 1961 ஏப்ரல் முதல் ஜெரூசலத்தில் விசாரிக்கப்பட்டபோது அமர்ந்த மூன்று நீதிபதிகளுள் ஹலேவியும் ஒருவர். தாம் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவர் மட்டுமே என்று ஐக்மன் வாதிட்டார். அரபு ஏழைகளைக் கொன்ற தம் நாட்டுப் படையினரிடமிருந்து மூன்றாண்டுகளுக்கு முன்பு தாம் கேட்ட அதே வாதத்தை, தம் இனத்தாரைக் கொல்ல அனுப்பியவனிடமிருந்து அந்நீதிபதி மறுபடியும் கேட்டார்.

அந்த விசாரணை நடந்துகொண்டிருந்த ஆண்டிலேயே, ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் இளம் உளவியலாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஊரிலிருந்து சாதாரண மனிதர்களை அழைத்து, நினைவாற்றல் பற்றிய ஆய்வு என்று சொல்லி, மின்விசைப் பெட்டி ஒன்றின் முன் உட்கார வைத்தார். பக்கத்து அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சியை ஒவ்வொரு படியாக உயர்த்த வேண்டும். 15 வோல்டில் தொடங்கி 450 வோல்டில் முடியும். உண்மையில் பெட்டியில் மின்சாரமே இல்லை. பக்கத்து அறையினர் நடிகர். இது அழுத்துபவருக்குத் தெரியாது. ஆய்வாளர் மிரட்டவில்லை, துப்பாக்கி காட்டவில்லை. தொடருங்கள் என்று அமைதியாகச் சொன்னார், அவ்வளவே. முதல் வரிசையில் வந்த 40 பேருள் 26 பேர் கடைசிப் படிவரை அழுத்தினர். அவர்கள் மகிழ்ந்து அழுத்தவில்லை. வியர்த்தனர், நடுங்கினர், நிறுத்தலாமா என்று ஆய்வாளரைக் கேட்டனர். கேட்டுக்கொண்டே அழுத்தினர்.

அச்சோதனையில் பங்கேற்றோர் சிலர் நடிப்பை ஊகித்திருக்கக்கூடும் என்று பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். அது ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு முக்கியமாகப் படுவது அந்த 26 என்னும் எண் அன்று. மில்கிராம் சூழ்நிலையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவை அதைவிடக் கருத்துக்குரியவை. ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் ஆணையிட்டபோது ஐந்தில் ஒருவரே இறுதிவரை சென்றார். சிலர் அழுத்தியதாகப் பொய் சொல்லிக் குறைந்த விசையையே கொடுத்தனர். பக்கத்தில் அமர்ந்த இருவர் 'இனி மாட்டோம்' என்று எழுந்துகொண்டபோது, 40 பேருள் நால்வரே இறுதிவரை போயினர். ஆய்வாளர் இருவர் தமக்குள் முரண்பட்டு நின்றபோது ஒருவரும் போகவில்லை. ஆனால் விசையை வேறொருவர் அழுத்த, இவர் கேள்வி வாசிக்கும் துணைவேலை மட்டும் செய்யும்போது 40 பேருள் 37 பேர் இறுதிவரை உடனிருந்தனர். கையில் இரத்தம் படாத வேலைகளில் இருப்போர் இந்த எண்ணிக்கையைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

நிறுத்தலாமா என்று கேட்டுக்கொண்டே அழுத்திய அம்மனிதர்களைப் படித்தபோது நமக்கு மலின்கியின் கூட்டமே நினைவுக்கு வந்தது. பெண்களை என்ன செய்வது என்று கேட்டவரின் உள்ளத்தில் விடை முன்பே இருந்தது. இல்லாவிடில் அக்கேள்வி எழுந்திராது. அந்த விடையைத் தாமே சுமக்க அவருக்குத் துணிவில்லை. ஆகவே மேலிருப்பவரிடம் ஒப்படைத்தார். மேலிருந்தவரோ தாமும் தெளிவாகச் சொல்லாமல், பழியை ஒரு துஆவுக்குள் பொதிந்து அல்லாஹ்வின் பக்கம் தள்ளிவிட்டார். 'கொல்' என்ற சொல்லை அவ்விடத்தில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கேட்டவர் சிலராவது அதிர்ந்திருப்பர் என்றே எண்ணுகிறோம்.

நம் வரலாற்றில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதனை எழுதத் தயங்குவோர் உளர்; நம் முன்னோர் தயங்கவில்லை. புகாரியிலேயே அது பதிவாகியிருக்கிறது. மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாம் இஸ்லாத்தை ஏற்றதை முறையான சொல்லால் சொல்லத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்னும் பொருள்பட வேறொரு சொல்லைச் சொன்னார்கள். காலித் (ரலி) அதனை ஏற்கவில்லை. சிலர் கொல்லப்பட்டனர்; எஞ்சியோர் கைதிகளாகி, ஆளுக்கொருவராகப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். பின்னர் ஒரு நாள், அவரவர் தம் கைதியைக் கொல்லுமாறு ஆணை பிறந்தது.

அப்படையில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) இருந்தார்கள். அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர். ஆணையிட்டவரோ போர்க்கலையில் அரபகமே வியந்த தளபதி. இப்னு உமர் அவர்கள் விளக்கம் கேட்கவில்லை. தாமும் தம் கைதியைக் கொல்லப் போவதில்லை, தம் தோழர் எவரும் கொல்லப் போவதில்லை என்று அல்லாஹ்வின்மீது ஆணையிட்டு மறுத்தார்கள். செய்தி மதீனாவின் தலைவருக்கு எட்டியது. பெருமானார் (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்ததற்குத் தமக்குப் பொறுப்பில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டார்கள். மறுத்த இளைஞர்மீது ஒரு சொல்லும் எழவில்லை. காலித் (ரலி) செய்தது வேண்டுமென்று அன்று, பொருளைப் பிறழ உணர்ந்ததால் நேர்ந்த பிழை என்பதே அறிஞர்களின் முடிவு. பிழையாயினும் அதற்கு ஈடு செய்யப்பட்டது. அலீ (ரலி) அவர்கள் பொருளோடு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டோர்க்கு இரத்தப் பரிகாரம் கொடுத்தார்கள். நாய் நீரருந்தும் மரக்கிண்ணம் சேதமானதற்குக்கூட விலை கொடுத்ததாக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கின்றனர். அந்தக் கிண்ணத்தையும் அந்தப் 10 புரூத்தாவையும் நாம் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பதுண்டு.

அங்கும் உத்தரவு ஒன்றே. அதனை ஏற்றவரும் இருந்தனர்; மறுத்தவரும் இருந்தனர். மில்கிராமின் அறையில் இருவர் எழுந்ததும் மற்றவர் எழுந்ததுபோல, இப்னு உமர் தமக்காக மட்டும் பேசாமல் தம் தோழர்களையும் சேர்த்துப் பேசியதை நாம் சிறப்பாகக் குறிக்க விரும்புகிறோம். தயங்கி நின்ற கைகள் பல அங்கே இருந்திருக்கும். ஒருவர் வாய் திறந்ததும் அவற்றுக்கெல்லாம் பேச்சு வந்துவிட்டது. கஃப்ர் காஸிமின் வாயிலில் அப்படி வாய் திறந்தவர் ஒருவரும் இல்லை.

1957 நவம்பரில் அரசு அவ்வூரில் 'ஸுல்ஹ்' என்னும் சமாதான விருந்து ஒன்றை நடத்தியது. கொன்றவனுக்கும் இழந்தவனுக்கும் ஒரே பந்தியில் உணவு. ஊரார் விரும்பி வந்தனரா, வரவழைக்கப்பட்டனரா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2007இல் குடியரசுத் தலைவர் ஷிமோன் பெரஸ் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டார். வழக்கின் இரகசியப் பதிவுகள் 2022இல்தான் வெளிவந்தன. அந்நாட்டுப் படையினருக்குக் கறுப்புக் கொடித் தீர்ப்பு பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. பாடம் படித்தவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய நீண்ட கதை.

அன்றிரவு கஃப்ர் காஸிமில் ஊரடங்கு. தம் மையித்துகளைக் குளிப்பாட்டவும் ஜனாஸா தொழவும் அவ்வூரார் வெளியே வர இயலாது. கபுறு தோண்டுவதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. படையினர் பக்கத்து ஊருக்குச் சென்று ஆட்களைக் கொண்டுவந்தனர். பக்கத்து ஊர் ஜல்ஜூலியா. அன்று மாலை அதே உத்தரவின் கீழ் வேலையிலிருந்து திரும்பி, வாயிலில் நின்ற ஒருவர் போகவிட்டதால் வீடு சேர்ந்த ஊரின் மக்கள், இரவில் மண்வெட்டி எடுத்து, வீடு சேராதவர்களுக்குக் குழி வெட்டினார்கள்.